சட்டத் திருத்த ஆய்வுக்குத் தரவு வாங்கப் போனால் எங்கே மாட்டும்?

"தாங்கள் கோரும் வடிவில் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." பல்கலைக்கழகத்தோடு இணைந்த சட்டச் சீர்திருத்த ஆய்வு மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். சட்டத்தைப் படித்து, தீர்ப்புகளைத் தொகுத்து, எந்தப் பிரிவை மாற்றலாம் என்று எழுதுவது ஒப்பீட்டளவில் சுலபம். அந்தப் பிரிவு தரையில் எப்படி ஓடுகிறது என்று காட்ட ஒரு எண்ணிக்கை வேண்டுமே, அதற்குத்தான் ஜீவன் போகிறது.

ஆய்வு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் பராமரிப்புத் தீர்ப்பாயமாக உட்காருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். தேவைப்பட்டவை நான்கே விவரம்: மனு முடிய எத்தனை நாள் ஆகிறது, மாதம் எவ்வளவு தொகைக்கு உத்தரவாகிறது, 10,000 ரூபாய் உச்சவரம்பை முட்டும் உத்தரவுகள் எத்தனை, உத்தரவான பணம் கைக்கு வருகிறதா.

சட்ட வாசிப்பு பெரிய தொல்லை இல்லை. தாய்ச்சட்டம் இணையத்தில் உண்டு. மாநில விதிகளை (2009) மட்டும் அரசிதழ்ப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு தளத்தில் இருக்கும் பிடிஎஃப்பை நம்பி விதி எண்ணைப் போட்டுவிட்டால், மறுப்பவர்களுக்கு அது ஒன்றே போதும். தீர்ப்புகளில், மாநிலத்துக்கு மாநிலம் முரண்படும் இடங்களை முதலிலேயே தனியாகக் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு, தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பற்றிய 16-ஆம் பிரிவு. பிள்ளைகளும் மேல்முறையீடு செய்யலாம் என்றது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் (2014). பெற்றோரும் மூத்த குடிமக்களும் மட்டுமே செய்யலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம் (2021). வழக்கறிஞருக்குத் தடை போடும் 17-ஆம் பிரிவு செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் அதே 2021-இல் சொன்னது. சீர்திருத்தப் பரிந்துரைக்கு இந்த முரண்பாடுகளைப் போல வலுவான அடித்தளம் வேறில்லை.

இனி தரவு. முதல் சிக்கல், யாரிடம் கேட்பது என்பதே. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சமூக நலத் துறையிடம். கோப்பு இருப்பது வருவாய்த் துறையின் கோட்டாட்சியர் அலுவலகத்தில். தலைமைச் செயலகத்துக்கு ஒரே மனுவாகப் போட்டால் மாநிலம் முழுவதற்கும் பதில் வரும் என்று நினைக்கவே வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றியாக வேண்டும். ஆனால் தகவல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தால், "தனித்தனியே விண்ணப்பிக்கவும்" என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். மாற்றினாலும் துறைக்குத் துறை, மாவட்டத்துக்கு மாவட்டம், பிரிவுக்குப் பிரிவு இறங்கி, கடைசியில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து "இவ்வலுவலகம் சார்ந்ததல்ல" என்று ஒரு பதில் வரும். தீர்ப்பாயத்துக்கும் தாசில்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரைப் போய்க் கேட்பது? நேரடியாக ஒவ்வொரு கோட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் தனி மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

மையத்தின் பெயர் அச்சிட்ட தாளில் மனு போட வேண்டாம். 3-ஆம் பிரிவு தகவல் உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் போனால் நிராகரிக்க ஒரு சாக்கு. ஆய்வாளர் ஒருவரின் சொந்தப் பெயரில், வெறும் தாளில் போட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் வேண்டாம். "ஆய்வுக்காக" என்று எழுதிய மனுக்களுக்கு, பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கடிதம் வாங்கி வரும்படி பதில் வந்ததுண்டு. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

இரண்டாவது சிக்கல் கேள்வியின் வடிவம். "2015 முதல் எத்தனை மனுக்கள் 90 நாட்களுக்குள் முடிக்கப்பட்டன?" என்று கேட்டால், மேலே சொன்ன மனப்பாட வரிதான் பதில். அதற்கு அவர்களிடம் ஆதாரமும் இருக்கிறது. இல்லாத தகவலைத் தொகுத்து உருவாக்கித் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே கணக்கைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். "இன்ன ஆண்டில் இச்சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட செயல்முறை ஆணைகளின் நகல்", "தீர்ப்பாய மனுக்கள் பதியப்படும் பதிவேட்டின் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரையிலான பக்கங்கள்", "மாவட்ட சமூக நல அலுவலருக்கு அனுப்பிய மாதாந்திர அறிக்கைகளின் நகல்". மூன்றுமே ஏற்கெனவே இருக்கும் ஆவணங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கடிதம் அனுப்புவார்கள், கட்டிவிடலாம். ஒரு மனுவில் ஓராண்டுக்கு மேல் கேட்காதீர்கள். பத்தாண்டைச் சேர்த்துக் கேட்டால், அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி இழுக்கிறது என்று 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு தகவலை வேறு வடிவில் தரலாம் என்று சொல்கிறதே தவிர, தராமலே இருக்கலாம் என்று சொல்லவில்லை. இதை மேல்முறையீட்டில் எழுதினால் வேலை செய்கிறது.

தனிப் பதிவேடே இல்லை என்று சில அலுவலகங்கள் சொல்லும். பல நேரம் அது உண்மையும்கூட. மனு வந்ததும் தபாலில் ந.க. எண் என்ற கோப்பு எண் விழும், சம்பந்தப்பட்ட பிரிவு உதவியாளர் தன்னிடம் வரும் எல்லாவற்றையும் பதியும் தன்பதிவேட்டில் ஏறும், அவ்வளவுதான். பட்டா மேல்முறையீடும் பெற்றோர் மனுவும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அப்போது தன்பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் 2(j) பிரிவுப்படி உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. கோப்பு எந்த வகை முடிவாக, அதாவது எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டியதாகப் போயிருக்கிறது என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஓராண்டு முடிவாகக் கட்டப்பட்ட கோப்பு இந்நேரம் அழிக்கப்பட்டிருக்கும், மூன்றாண்டு முடிவும் சந்தேகம்தான். பத்தாண்டு முடிவாகப் போனதுதான் ஆவணக் காப்பறையில் கிடைக்கும். ஒரே மாதிரியான இரண்டு பராமரிப்பு உத்தரவுகள் இரண்டு அலுவலகங்களில் வெவ்வேறு வகை முடிவாகக் கிடப்பதைப் பார்த்தால், பழைய ஆண்டுகளின் எண்ணிக்கை ஏன் ஊருக்கு ஊர் குதிக்கிறது என்பது விளங்கிவிடும்.

கையில் கிடைக்கும் மாதாந்திர அறிக்கையை அப்படியே அட்டவணையாக்கினால் ஆபத்து. "தீர்வு செய்யப்பட்டவை" என்ற ஒரே கட்டத்துக்குள் உத்தரவானவை, சமரசமாகி வாபஸானவை, மனுதாரர் வராததால் மூடப்பட்டவை, காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டவை எல்லாம் அடங்கும். சமரச அலுவலருக்கு அனுப்பியதையே தீர்வு என்று காட்டிய அறிக்கையும் வந்தது. பராமரிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும், அதன் பிறகுதான் தீர்ப்பாயம் முடிவெடுக்கும். அனுப்பியது எப்படித் தீர்வாகும்? மறுபக்கம், ஒரே மனு மூன்று முறை எண்ணப்படுவதும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று, சமூக நல அலுவலகத்தில் ஒன்று, கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒன்று. மனுதாரர் பெயரும் கிராமமும் வைத்துச் சரிபார்க்காமல் எந்தக் கூட்டலும் போடக் கூடாது.

மனுவை முடிக்கச் சட்டம் தரும் 90 நாள் கணக்கில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. பராமரிப்புச் சட்டத்தின் 5(4) பிரிவில் அந்தக் கெடு ஓடத் தொடங்குவது மனு கொடுத்த நாளிலிருந்து அல்ல, எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட, அதாவது அவரிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து. தகுந்த காரணத்தை எழுதி வைத்து ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மனு தேதியிலிருந்து எண்ணித் "தாமதம்" என்று எழுதினால் துறை ஒரே பத்தியில் மறுத்துவிடும். சார்வு தேதி எந்த அறிக்கையிலும் இருக்காது. அது கோப்புக்குள், கிராம நிர்வாக அலுவலர் கையால் எழுதி அனுப்பிய சார்வு அறிக்கையில், அல்லது கோப்பின் பின்பக்கம் ஒட்டிய அஞ்சல் ஒப்புகை அட்டையில் இருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது, இந்த ஆய்வில் உருப்படியாகக் கைவந்தது அதுதான். கோட்டாட்சியரின் செயல்முறை ஆணையில் மேலே முன்னிலை, ந.க. எண், நாள், பொருள் எல்லாம் முடிந்ததும் "பார்வை" என்று ஒரு பகுதி வரும். மனுவின் தேதி, அறிவிப்பின் எண்ணும் தேதியும், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைத் தேதி, விசாரணை நாட்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். கோப்பைத் திறக்காமலே, இரண்டு மூன்று பக்க ஆணை நகலிலிருந்தே காலவரிசையை எடுத்துவிடலாம். பார்வையில் சார்வு அறிக்கை இல்லாத ஆணைகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் கோப்புப் பார்வை கேட்டால் போதும். முக்கால்வாசி அலைச்சல் மிச்சம்.

இந்த நகல்களை வாங்குவது முன்பைவிட இப்போது கடினம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j)-ஐ மாற்றியது, அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு பொதுநலன் பற்றிய வாசகம் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது "தனிப்பட்ட தகவல்" என்ற ஒரே காரணம் போதும். பெற்றோர் மனு ஆணையில் பெயர், முகவரி, சொத்து விவரம் எல்லாம் இருப்பதால் மறுப்பது சுலபம். ஆகவே மனுவிலேயே எழுதிவிடுங்கள்: "பெயர், கதவு எண், சர்வே எண், தொலைபேசி எண் ஆகியவற்றை 10-ஆம் பிரிவின்படி மறைத்து நகல் தரவும். மறுப்பதாயின் 8(2)-இன் கீழ் பொதுநலனைப் பரிசீலித்ததற்கான காரணத்தைப் பதிவு செய்யவும்." இரண்டாம் வாக்கியம் மேல்முறையீட்டுக்காகப் போட்டு வைப்பது.

இன்னொரு பாதை, ஆட்சியரிடம் ஆய்வு அனுமதி வாங்குவது. இங்கேதான் பல்கலைக்கழகப் பதிவாளரின் கடிதம் பயன்படும். வாய்மொழி அனுமதியை நம்பி உட்காராதீர்கள். ஆட்சியர் மாறுதலாகிப் போனால் அடுத்த நாளே நேர்முக உதவியாளர் "எந்த அனுமதி?" என்பார். ந.க. எண் போட்ட கடிதமாக, எந்தெந்தக் கோட்டம், எந்தெந்த ஆண்டு என்று குறிப்பிட்டு, கோட்டாட்சியருக்கு நகலுடன் வாங்க வேண்டும்.

தகவல் உரிமை மனுவுக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அதிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அது முடிந்து தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டி வரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 7(6). தாமதமாக வந்த பதிலோடு கட்டண விவரமும் சேர்ந்து வந்தால் இந்தப் பிரிவைச் சுட்டி ஒரு கடிதம் போடுங்கள். ஆணையத்தை நம்பி ஆய்வு அட்டவணை போடக் கூடாது. அறிக்கை அச்சுக்குப் போன பிறகுகூட விசாரணைக்குத் தேதி வரலாம். பதில் தராத கோட்டங்களை "தகவல் இல்லை" என்று அட்டவணையில் அப்படியே விடுங்கள். பக்கத்துக் கோட்டத்தின் சராசரியைப் போட்டு நிரப்புவது தற்கொலைக்குச் சமம்.

பணம் கைக்கு வருகிறதா என்ற நான்காவது கேள்விக்குக் காகிதத்தில் விடை கிடைக்காது. உத்தரவுப்படி பணம் தராதவர்மேல் பராமரிப்புச் சட்டத்தின் 5(8)-இன் கீழ் கொடுக்கும் மனுவுக்குப் புது ந.க. எண் விழுகிறது. பழைய கோப்போடு அதை இணைக்கும் குறிப்பு எதுவும் இருப்பதில்லை. தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் வாரண்ட் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உண்டு. பல முதியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நேர்காணல்தான் வழி, அதற்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு திருப்பி அனுப்பியது கேள்விகளுக்காக அல்ல, ஒப்புதல் படிவத்துக்காக. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, கைரேகைக்கும் சாட்சிக்கும் இடமில்லாத படிவம் முதியவர்களிடம் செல்லாது. வீட்டில் மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது பேட்டி எடுப்பதில்லை என்ற உறுதியையும் நெறிமுறையில் எழுதிச் சேர்க்கச் சொன்னார்கள். நியாயமான நிபந்தனை.

பரிந்துரை எழுதும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில், அதை யார் மாற்ற முடியும் என்று ஒரு பத்தி போடுங்கள். 10,000 ரூபாய் வரம்பை மாநில அரசு விதி போட்டு உயர்த்த முடியாது. 9(2) பிரிவு மாநிலத்துக்கு விட்டிருப்பது அந்த வரம்புக்குள் ஒரு தொகையை நிர்ணயிப்பது மட்டுமே. வரம்பை நீக்க நாடாளுமன்றத் திருத்தம் வேண்டும், அல்லது குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலத் திருத்தம் வேண்டும். அதை நீக்க முயன்ற 2019-ஆம் ஆண்டு மசோதா, 2024-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. மாறாக, மனுப் பதிவேட்டின் வடிவம், அதில் சார்வு தேதிக்கு ஒரு கட்டம், பணம் தராதவர்மேல் கொடுக்கும் நிறைவேற்று மனுவில் மூல ந.க. எண், இவையெல்லாம் 32-ஆம் பிரிவின் கீழ் மாநில விதியிலோ துறைச் சுற்றறிக்கையிலோ முடியும் விஷயங்கள். இரண்டையும் கலந்து எழுதினால், முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

அறிக்கையைச் செயலாளரிடம் நேரில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடியவில்லை. இன்னொரு பிரதியைத் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். எண் விழுந்தால்தான் அது ஒரு கோப்பு. அதன் பிறகு அந்த எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பரிந்துரைகள் மீது எழுதப்பட்ட குறிப்புரைகளின் நகலைக் கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி, இன்னொரு மனு போடலாம்.