சக்குலண்டுக்கு வெயில்: வடக்கு பால்கனி, தெற்கு ஜன்னல், மொட்டை மாடி

யூடியூப்ல சக்குலண்ட், அதாவது தடிச்ச இலையிலயோ தண்டுலயோ தண்ணி சேர்த்து வச்சுக்கற செடி, இதைப் பத்தி எந்த வீடியோ பார்த்தாலும் தெற்கு பார்த்த ஜன்னல்ல வைங்கன்னு தான் சொல்றாங்க. அதை சொல்றவங்க பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் இருக்கறவங்க, அங்க வருஷம் முழுக்க மத்தியான சூரியன் தெற்கால தான் போகும், அவங்களுக்கு அது சரி. நான் இருக்கறது சென்னை, 13 டிகிரி வடக்கு அட்சரேகை. இங்க ஏப்ரல் 24, 25 வாக்குல சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துட்டு அப்புறம் வடக்குப் பக்கம் போயிடும், திரும்ப ஆகஸ்ட் 18 வாக்குல தான் தலைக்கு மேல வந்து தெற்கே சாயும். நடுவுல இருக்கற அந்த மாசம் எல்லாம் தெற்கு ஜன்னல்ல நேர் வெயில் ஒரு துளி கூட விழாது. கத்திரி வெயில்ல ஊரே வெந்துட்டு இருக்கும், அந்த ஜன்னல்ல வச்ச செடி மட்டும் வெளிச்சம் பத்தாம கழுத்து நீண்டு நிக்கும்.

எங்க வீடு ரெண்டாவது மாடி. ஹால் பால்கனி வடக்கு, பெட்ரூம் ஜன்னல் தெற்கு, மேல பொது மொட்டை மாடியில ஒரு மூலை கிடைச்சுது. மூணு இடத்துலயும் வச்சு ஒரு முழு வருஷத்துக்கு மேல பார்த்தாச்சு, அதைத்தான் எழுதறேன்.

முதல்ல ஜீப்ரா ஹவொர்தியா. ஒரே தாய்த்தொட்டியில இருந்து பக்கக் கன்னு பிரிச்சு, ஒரே மண்ணுல நட்டு, ஒண்ணு ஹால் டேபிள், ஒண்ணு வடக்கு பால்கனி, ஒண்ணு மாடியில பச்சை நெட்டுக்கு (வெயிலைக் குறைக்கற நிழல் வலை) அடியில வச்சேன். ஹால் டேபிள்ல இருந்தது சாகலை, ஆனா புதுசா வந்த இலை எல்லாம் மெலிசா, வெளிறின பச்சையா, பக்கவாட்டுல விரிஞ்சு வந்துது, மேல இருக்கற வெள்ளை வரி கூட தள்ளித் தள்ளி புள்ளியா போயிடுச்சு. மாடியில இருந்தது இலையை உள்பக்கமா மூடிக்கிட்டு, நுனியில இருந்து செங்கல் நிறத்துக்கு மாறிடுச்சு. அது நோய் இல்ல, வெயில் அதிகமாகும்போது செடி தன்னைக் காப்பாத்திக்க உண்டாக்கற நிறமி. நிழலுக்கு கொண்டு வந்ததும் மெதுவா பச்சைக்கு திரும்பிடுச்சு. பால்கனியில இருந்தது தான் குண்டு குண்டா, வரி பளிச்சுன்னு, பார்க்கவே ஆசையா இருக்கு.

இதுக்கு காரணம் அது பொறந்த ஊர்ல இருக்கு. ஹவொர்தியா தென்னாப்பிரிக்கா செடி, அங்க புதருக்கு அடியில, பாறை இடுக்குல வளரும். நம்ம பொட்டல் காட்டுல கள்ளிமுளையான்ங்கற சின்னச் செடி முள்ளுப் புதர் காலடியில ஒதுங்கி நிக்குமே, அதே மாதிரி தான். சக்குலண்ட்னாலே சுட்டெரிக்கற வெயில் வேணும்னு நினைக்கறது இந்த வகைக்கு பொருந்தாது. அடீனியம், யூபோர்பியா மிலி, நர்சரியில ஜேடுன்னு விக்கற சின்ன இலை போர்டுலகேரியா, இதுங்களுக்கு எவ்வளவு வெயில் கொடுத்தாலும் வாங்கிக்கும், மாடி தான் சரி. அடீனியத்தை நிழல்ல வச்சா குச்சி குச்சியா நீளும், பூவும் வராது.

வடக்கு பால்கனி ஏன் இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு கொஞ்சம் விவரமா சொல்லணும். ஜூன் மாசம் சூரியன் கிழக்குல இருந்து சுமாரா 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்குது, அதனால காலையில சாய்வா பால்கனிக்குள்ள வெயில் வருது, உச்சி நேரத்துல மேல் வீட்டு ஸ்லாப் மறைச்சுடுது, சாயந்திரம் திரும்ப வடமேற்குல இருந்து கொஞ்சம் வருது, அதாவது இதமான வெயில் ரெண்டு வேளையும் கிடைச்சு, சுடற வெயில் தானா கழிஞ்சு போயிடுது. தரையில சாக்பீஸால கோடு போட்டு வச்சேன், காலை எட்டு மணிக்கு வெயில் எதுவரைக்கும் வருதுன்னு. ஜூன்ல கோடு சுவத்துக்கு கிட்ட, ஆகஸ்ட் கடைசியில கைப்பிடிக் கம்பியை ஒட்டி, செப்டம்பர் 23 தாண்டினா நேர் வெயிலே கிடையாது. அப்போ தெற்கு ஜன்னலுக்கு முறை வரும். டிசம்பர்ல மத்தியான சூரியன் 53 டிகிரி உயரத்துல தான் நிக்குது, சாய்வா இறங்கி கட்டில் வரைக்கும் வெயில் விழும். ஆக எங்க வீட்டுல செடி வருஷத்துக்கு ரெண்டு தடவை இடம் மாறுது, அவ்வளவுதான் ரகசியம். உங்க வீட்டுல எதிர்ல ஒரு அபார்ட்மெண்ட் நின்னா இந்த கணக்கு மாறும், நீங்களே கோடு போட்டு பாருங்க.

போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டும் வெளிச்சத்தை அளந்தேன், லக்ஸ்ங்கறது வெளிச்சத்தோட அளவு. போன் சென்சார் துல்லியமா காட்டாது, ஆனா இடத்துக்கு இடம் ஒப்பிட போதும். திறந்த மாடியில உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் போகும். பால்கனி நிழல்ல சில ஆயிரம், ஹால் டேபிள்ல ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல இருநூறை தாண்டலை. நம்ம கண்ணு இருட்டுக்கு ஏத்த மாதிரி விரிஞ்சுக்கறதால ஹால் நல்ல வெளிச்சமா இருக்கறதா தோணுது, செடிக்கு அது கிட்டத்தட்ட இருட்டு தான்.

கோஸ்ட் பிளான்ட், அதான் கிராப்டோபெட்டலம், இது சென்னைக்குன்னே பொறந்த மாதிரி தாங்குது. பால்கனியில நீலம் கலந்த சாம்பல் நிறம், மாடி வெயில்ல ரோஸும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம், ரெண்டுமே அழகு. இலை மேல இருக்கற வெள்ளை பவுடரை மட்டும் தொடாதீங்க, அது தான் அதோட சன்ஸ்கிரீன், விரல் பட்ட இடத்துல அந்த இலைக்கு திரும்ப வராது.

எச்செவேரியா விஷயத்துல நான் கறாரா ஒண்ணு சொல்வேன். அது மெக்சிகோ மலைச் செடி, வெயிலும் வேணும் ராத்திரி குளிரும் வேணும், ஊட்டியில அது ரோஜாப்பூ மாதிரி உக்காந்திருக்கும். சென்னையில வெயில் கொடுத்தா சூடு தாங்கலை, நிழல் கொடுத்தா கழுத்து நீளுது. இலைக்கும் இலைக்கும் நடுவுல தண்டு தெரிய ஆரம்பிச்சு, கீழ் இலை பாவாடை மாதிரி தொங்கினா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம், நீண்டது திரும்ப சுருங்காது, தலையை வெட்டி காய வச்சு நட வேண்டியது தான். இதுக்காகவே பெட்ரூம் ஷெல்ஃப்ல சாதா 20 வாட் எல்இடி டியூப் ரெண்டு மாட்டினேன், 6500 கெல்வின் வெள்ளை, செடியில இருந்து ஒரு சாண் உயரத்துல. செடிக்குன்னே விக்கற ஊதா வெளிச்ச குரோ லைட் எதுவும் தேவைப்படலை. டைமர் பிளக் போட்டு 12 மணி நேரம் எரியுது, ராத்திரி கண்டிப்பா அணைச்சிடணும், ஏன்னா சக்குலண்ட்ல பெரும்பாலானது ராத்திரி தான் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடு எடுத்துக்கும். ஏசி ரூம் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கறதால எச்செவேரியா இப்போ இறுக்கமா வளருது. டியூபை ரெண்டு மடங்கு உயரத்துல மாட்டினப்போ வெளிச்சம் பாதிக்கு குறைஞ்சு, புது இலை நீள ஆரம்பிச்சதை கண்ணால பார்த்தேன்.

மாடிக்கு ஏத்தறதுல அவசரமே கூடாது. நர்சரியில நெட்டுக்கு அடியில வளர்ந்த செடியை நேரா மே மாச வெயில்ல வச்சா ஒரே மத்தியானத்துல இலையில வெளிறின பழுப்புத் திட்டு விழும், அந்த தழும்பு அந்த இலை உதிர்ற வரைக்கும் போகாது. முதல்ல காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் சில நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ரெண்டு வாரமாவது எடுத்துக்கிட்டு தான் பழக்கறேன். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் 50 சதவீத பச்சை நெட், தொட்டியை தளத்துல நேரா வைக்காம செங்கல் மேல, கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், வேர் வெந்துடும், மண் தொட்டி நல்லது.

இப்போ ஆடி முடியப் போகுது, கோடு கம்பியை நோக்கி நகர ஆரம்பிச்சாச்சு. புரட்டாசியில ஹவொர்தியாவை தெற்கு ஜன்னலுக்கு மாத்தணும், வடகிழக்கு மழைக்கு முன்னாடி மாடியில நெட்டை எடுத்துட்டு ஒளி ஊடுருவற பாலிகார்பனேட் ஷீட் போடணும், மழை மூட்டம் விட்டு திடீர்னு வெயில் அடிக்கற அந்த முதல் ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் நெட்டை மறுபடி மேல விரிச்சு பார்க்கப் போறேன்.