பழைய கார்: நம்பர் பிளேட்டை வைத்தே பார்க்கக்கூடியவை

பிரிட்டனில் பழைய கார் வாங்குவதற்கு முன், நேரில் போய்ப் பார்க்கும் முன்பே, அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டு எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். காசு கிடையாது.

தேறியதா தவறியதா என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் பதிவான மைல் கணக்கை வரிசையாகப் படியுங்கள். 82,000 இருந்தது அடுத்த ஆண்டு 61,000 ஆனால், தட்டச்சுப் பிழையா, மீட்டரில் கைவைத்தார்களா என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து, 'அட்வைசரி' குறிப்புகள், அதாவது வண்டி தேறினாலும் கவனிக்க வேண்டும் என்று சோதகர் எழுதும் குறைகள். பிரேக் குழாயில் துரு என்று இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால், செலவு உங்கள் தலையில்தான் விடியும். திடீரென அந்தக் குறிப்பு மறைந்திருந்தால் பழுதுபார்த்த ரசீதைக் கேளுங்கள். டயர் தேய்மானம் பெரிய விஷயமில்லை. அடிச்சட்டத் துரு பெரிய விஷயம். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் உள்நிலையை எம்ஓடி சோதிப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

சாலை வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'வரி கட்டியாச்சு' என்று தளம் காட்டினாலும் அது விற்பவருடையது. 2014 அக்டோபர் முதல் வரி கைமாறுவதில்லை. மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிப் போகும். வி5சி எனும் வண்டிப் பதிவு ஆவணத்தில் புதிய உரிமையாளருக்கான பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு, வண்டியை எடுக்கும் முன்பே உங்கள் பெயரில் வரி கட்டுங்கள்.

வண்டியின் மேல் உள்ள கடன் பாக்கி, எம்ஓடி வரலாறு, சாலை வரி இந்த இரண்டிலும் தெரியாது. அதற்குத் தனியார் சோதனைக்குப் பணம் கட்டத்தான் வேண்டும்.