காயலான் கடை இரும்பில் டிராக்டருக்கு டிராபாரும் மேல் லிங்க்கும்

மணலி புதுநகர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் மாமாவுக்கு முக்கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அதற்காக அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 18 குதிரைத்திறன் மினி டிராக்டரில் என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம்தான் மொட்டை. கலப்பையைத் தாங்கும் கீழ்க் கைகள் இரண்டும் இருந்தன. கலப்பையை மேலே பிடிக்கும் மேல் லிங்க், டிரெய்லரை இழுக்கும் குறுக்குப் பட்டையான டிராபார், பக்க ஆட்டத்தைப் பிடிக்கும் செயின் எதுவும் இல்லை. எல்லாமே கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவைதான், விலையும் பயமுறுத்தாது. ஆனால் குடியிருப்பது திருவொற்றியூர். சாத்தங்காடு இரும்புச் சந்தை ஒரு பக்கம், கண்டெய்னர் டிரெய்லர் ஷெட்டுகள் இன்னொரு பக்கம், தெருவுக்குத் தெரு காயலான் கடை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு புதுசு வாங்க மனசு வரவில்லை.

முதல் வேலை அளவெடுப்பு. இரண்டு கீழ்க் கை, ஒரு மேல் லிங்க் என்று கருவியை மாட்டும் மூன்று புள்ளி இணைப்புக்கு ஐஎஸ்ஓ 730 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. ஒன்றாம் வகையில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ., கீழ் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 683 மி.மீ. இன்னும் சின்ன தோட்ட டிராக்டர்களில் பூஜ்ய வகை. அதில் மேலும் கீழும் 16 மி.மீ. பின்தான். மாமா வண்டியின் கீழ்க் கை முனையில் உள்ள துளையிட்ட குண்டில் 22 மி.மீ. பின் சரியாக உட்கார்ந்தது, ஆகவே ஒன்றாம் வகை. இதைப் பார்க்காமல் கிடைத்த பின்னைச் செருகினால் கலப்பை கடகடவென்று ஆடும், துளையும் சீக்கிரமே முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

இந்த அமைப்பை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் பெயர்தான் மாஸி ஃபெர்குசனில் ஒட்டியிருப்பது. 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்த டிராக்டர்களை நம்ம செம்பியத்தில் செய்தது. அந்தப் பக்கத்து லேத்துப் பட்டறைகளில் ‘த்ரீ பாயிண்ட்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய வசதி.

அடுத்தது இரும்பு. எனக்கு வேண்டியது டிராபாருக்கு 20 மி.மீ. தடிமனில், கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல் பட்டை. காயலான் கடை பாய்க்கு நான் தேடியது பிடிக்கவில்லை. லாரி அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையான கமானைத்தான் எடுக்கச் சொன்னார்.

“இன்னா தம்பி, கமான் பட்டைய வுட்டுட்டு கட்டிங் பீஸைப் பொறுக்கினு இருக்க? லோடு லாரியையே தாங்குது, உன் குட்டி வண்டியத் தாங்காதா?”

“தாங்கும் பாய், வெல்டிங்தான் தாங்காது.”

அவர் நம்பவில்லை. ஒரு கமான் துண்டைக் கையில் திணித்து, “பத்த வச்சிப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று வீட்டில் கமான் துண்டையும் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டையும் சேர்த்துச் சாதாரண 6013 வெல்டிங் ராடால் வெல்டு போட்டேன். பார்வைக்கு அழகான வெல்டு. ஆறிய பிறகு வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்ததில், வளையக்கூட இல்லை. வெல்டை ஒட்டிக் கமான் பக்கமாகச் சடக்கென்று விட்டுப்போனது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. கமானில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். மைல்டு ஸ்டீலில் கால் சதவீதத்துக்குள். கார்பன் கூடிய எஃகு வெல்டிங் சூட்டில் பழுத்து, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறும்போது, அந்த ஓரம் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. லாரிக்கு அடியில் கமானை யாரும் வெல்டு வைப்பதில்லை. யு போல்ட்டில்தான் கட்டியிருக்கிறார்கள். அது லாரியைத் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உடைந்த துண்டைப் பாயிடம் காட்டினேன். “அப்போ கத்தி அடிக்கதான் இது” என்று எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

காயலான் இரும்பில் யாரும் தரம் எழுதி வைப்பதில்லை. கிரைண்டர்தான் அதைச் சொல்லும். மைல்டு ஸ்டீலின் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் கிளை விடாமல் ஓடும். கார்பன் ஏற ஏறப் பொறி குட்டையாகி, நுனியில் கொத்துக்கொத்தாக வெடிக்கும். வார்ப்பிரும்பு சிவப்பாகச் சக்கரத்தின் அருகிலேயே அணைந்துவிடும். வெயிலில் பார்த்தால் எதுவும் தெரியாது. கடைக்குள் நிழலான மூலைக்கு எடுத்துப் போக வேண்டும். தெரிந்த மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றைக் கூடவே கொண்டுபோய் இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கடைசியில் டிரெய்லர் ஷெட்டு ஒன்றில் சேஸிஸ் வேலையில் மிஞ்சிய பட்டை, 100 மி.மீ. அகலத்தில் கிடைத்தது. பொறி நீளமாக ஓடியது.

டிராபாரின் அமைப்பு எளிது. பட்டை இரண்டு கீழ்க் கைகளுக்கும் நடுவே படுத்திருக்கும். இரு முனையிலும் நட்டு உட்கார இடம் விட்டு, ‘ப’ வடிவில் வெட்டி, அதன் இரு கால்களிலும் ஒரு தடித்த தகட்டை நிறுத்தி வெல்டு செய்து, மேலும் கீழும் முக்கோண முட்டு வைத்தேன். தகட்டின் துளையில் பின் நுழைந்து உட்பக்கம் நட்டு ஏறும். பின்னையே தகட்டோடு வெல்டு செய்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும்தான். ஆனால் தேயப்போவது பின். அதைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

பின் மட்டும் காயலான் கடையில் எடுக்கவே இல்லை. டிஎம்டி எனும் கட்டட முறுக்குக் கம்பியைக் கடைந்து பின்னாக்குகிறவர்கள் நிறைய. டிஎம்டி கம்பியின் பலத்தில் பெரும்பங்கு வெளித்தோலில் இருக்கிறது. ஆலையில் தண்ணீர் பாய்ச்சி இறுக வைத்த தோல் அது. லேத்தில் அதைச் சீவி எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது உள்ளே இருக்கும் மெத்துக் கம்பி. பாரிமுனையில் நடுத்தரக் கார்பன் எஃகான இஎன்8 ராடு வாங்கி, கடைசலுக்குக் கொடுத்து, பூட்டு ஊசிக்கு 12 மி.மீ. துளையும் போட்டு வாங்கினேன். மொத்த வேலையில் புது இரும்பு இந்தப் பின்கள்தான்.

மேல் லிங்க்கில்தான் கொஞ்சம் ருசி இருந்தது. ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை இருந்தால்தான் நடுக்குழாயைத் திருப்பி நீட்டவும் குறைக்கவும் முடியும். இடது மரை வெட்டும் டேப்புக்கு எங்கே போவது? லாரியின் முன் சக்கரங்களை இணைக்கும் டை ராடில் அந்த மரை தயாராகவே இருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்ப்பவர் திருப்புவது அதைத்தான். பழைய டை ராடு ஒன்றை எடுத்து, நடுவில் வேண்டாத நீளத்தை அறுத்து, இரண்டு மரை முனைகளையும் ஒரு வெளிக்குழாய்க்குள் விட்டு வெல்டு செய்தேன். பால் ஜாயிண்ட்டை வெட்டிப் போட்டு, மரைத் தண்டில் தகட்டுக் காதுகள் வைத்தேன்.

அந்தத் தண்டு பட்டறையில் அடித்து உருவாக்கிய, கார்பன் கூடிய எஃகு. கமான் பாடம் இங்கேயும் பொருந்தும், ஆனால் இங்கே வெல்டைத் தவிர்க்க வழியில்லை. எனவே கேஸில் நன்றாகச் சூடாக்கி, ஹைட்ரஜன் குறைவான 7018 ராடால் போட்டு, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன். 7018 ஈரத்தை இழுக்கும். எண்ணூர்க் கடல்காற்றில் திறந்து வைத்த பாக்கெட்டை அப்படியே எடுத்துப் போட்டால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய்ப் பிறகு விரிசல் விடும். பட்டறை ராடு ஓவனில் காய்ச்சிச் சூட்டோடு எடுத்துப் போட்டது அதனால்தான். பிறகு சிவப்புச் சாயமும் வெள்ளைப் பவுடரும் அடித்து விரிசல் பார்க்கும் ஸ்பிரே. பாய்லர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டுவந்து அடித்துக் காட்டினார். எந்த வெல்டிலும் சிவப்புக் கோடு வரவில்லை.

மாட்டிப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. கீழ்க் கைகளில் மாட்டும் டிராபாரை ஹைட்ராலிக்கால் மேலே தூக்கிவிட முடியும். இழுக்கும் புள்ளி பின் அச்சுக்கு மேலே போய், பின்னால் சுமையும் இருந்தால், முன் சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். எனவே டிராபாரிலிருந்து மேலே, மேல் லிங்க் மாட்டும் இடத்துக்கு இரண்டு தாங்கு பட்டை (ஸ்டே) போட்டுத் தாழ்வாகப் பூட்டினேன். இதைச் சொல்லியும் மாமா, “கயித்த மேல கட்டினா என்ன மாப்ளே, சீட்டுக்குப் பின்னாடிதானே இருக்கு?” என்றார். பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டையைத் தோட்டத்திலிருந்து இழுக்கிற நினைப்பு அவருக்கு. ஸ்டே இல்லாமல் சாவியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஓட்டம் டிராபாரோடு: செங்கல் ஏற்றிய சின்ன டிரெய்லர், லோ கியரில். பிறகு அதைக் கழற்றிவிட்டு ஐந்து கொத்துக் கலப்பை. உழும்போது மேல் லிங்க் அழுத்தத்தில் இருக்கும், கலப்பையைத் தூக்கியதும் இழுவைக்கு மாறும். மரையில் ஆட்டம் இருந்தால் இந்த மாற்றத்தில் டக் என்று சத்தம் கேட்கும். கேட்டது. டை ராடு கிளாம்ப்பை இன்னும் இறுக்கியதும் நின்றுவிட்டது. வெல்டு ஓரங்களில் மார்க்கரால் போட்ட கோடுகள் எதுவும் விலகவில்லை. பின்களுக்கு கிரீஸ் தாராளமாக வைத்திருக்கிறேன். இந்த உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் சும்மா விட்டால் அவை குண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பாக்கி இருப்பது பக்க ஆட்டச் செயின். இப்போதைக்குக் கலப்பை ஓரம் போய் டயரை உரசப் பார்க்கிறது. கப்பலில் கண்டெய்னரை முறுக்கி இறுக்கிக் கட்டும் பழைய டர்ன்பக்கிள் ஜோடி ஒன்று பாய் கடையில் கிடக்கிறது. எடை போடாமல் விலை சொல்ல மாட்டேன் என்கிறார்.