மைக் இல்லாத ரெஃப்ரி

தவறு நடந்தது என்று நடுவர் வீசும் மஞ்சள் துணி பறந்து வந்து புல்லில் விழுந்ததும் கேலரி மொத்தமும் எழுந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ராத்திரி, ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால். ரெஃப்ரியிடம் மைக் கிடையாது. வெள்ளைத் தொப்பிக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, ஒரு கையை முஷ்டி மடக்கி மார்புக்கு முன்னால் நிறுத்தி, அதன் மணிக்கட்டை மறு கையால் இறுகப் பிடித்துக் காட்டினார்.

"ஹோல்டிங்ப்பா. தண்டனையா 10 யார்டு போச்சு" என்றாள் மகள்.

பிடித்து நிறுத்திய குற்றத்தைப் பிடித்தே காட்டுகிறார்! ஆட்டத்தைத் தாமதித்தால் கைகட்டி நிற்பார். ஹெல்மெட் கம்பியை இழுத்தால் தன் முகத்துக்கு முன்னால் கம்பியைப் பற்றி இழுப்பது போலச் செய்வார். பந்து நகருமுன் தாக்கும் அணிக்காரர் அசைந்துவிட்டால் இரண்டு முன்னங்கைகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டுவார். பந்து நகருமுன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், அதாவது ஆஃப்சைடுக்கு, இடுப்பில் கை. இது மட்டும் ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ரெஃப்ரிகளுக்கே 1975-ல்தான் வயர்லெஸ் மைக் வந்தது. அதுவரை அத்தனை பெரிய மைதானத்திலும் கைதான் பேசியது.

எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும், காதே கேளாதவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தீர்ப்பு போய்ச் சேருகிறது. நடுவராக இருப்பவர் அதை நின்று, நிதானமாகக் காட்ட வேண்டும். கையை அரைகுறையாக வீசிவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

பிள்ளைகளோடு மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் இந்த நாலைந்தை மட்டும் பழகிக்கொண்டு போங்கள். மீதியை அவர்களே சொல்லித் தருவார்கள்.