யானைக்கால் நோயின் ஏழு நிலைகள்

குளச்சலில் எங்கள் பெரியம்மாவின் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுவது என் பொறுப்பு என்பதால், யானைக்கால் நோயின் இயல்பைக் கவனமாகப் படித்து வருகிறேன். கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது உடலில் புகும் ஊச்சரேரியா பான்கிராஃப்டி புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வளர்ந்து அவற்றை விரியச் செய்கின்றன. குழாய்களின் வால்வுகள் செயலிழக்க, புரதம் மிகுந்த நீர் திசுக்களில் தேங்கி, நாளடைவில் தோலும் அதன் அடித்திசுவும் நார்த்தன்மை அடைந்து தடிக்கின்றன.

கால் வீக்கத்தை ஏழு நிலைகளாக வகுப்பார்கள். முதல் நிலையில் இரவு உறங்கி எழுந்தால் வீக்கம் வடிந்துவிடும், இரண்டாவதில் வடியாது. மூன்றில் ஆழமற்ற மடிப்புகளும், நான்கில் முண்டுகளும், ஐந்தில் ஆழ்ந்த மடிப்புகளும், ஆறில் பாசி படர்ந்தாற்போன்ற சொரசொரப்பும் தோன்றும். ஏழில் அன்றாட வேலைகளைக்கூடத் தாமே செய்ய இயலாது. பெரியம்மா மூன்றில் இருக்கிறார்.

நோய் முற்றுவதற்குப் பெருங்காரணம், விரலிடுக்குப் புண்களின் வழியே நுழையும் பாக்டீரியாவால், காய்ச்சலும் குளிருமாக அடிக்கடி வரும் தொற்றுதான். ஆகவே விரலிடுக்கை ஈரமின்றித் துடைப்பதை நான் மருந்துக்கு நிகராகக் கருதுகிறேன். புழுக்களைக் குறைக்கும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை, முன்பே தடித்துவிட்ட காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.