யெல்லோஸ்டோன் மலை மேல: பைன் காய்க்கிற வருஷமும் காய்க்காத வருஷமும்

அமெரிக்காவுல இருக்கற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போறவங்க பாதிப் பேரு வெந்நீர் ஊற்றையும் பைசன் கூட்டத்தையும் பாத்துட்டு கெளம்பிடுறாங்க. ஒரு அரை நாள் கையில இருந்தா டன்ரேவன் பாஸ்ங்கற மலைக் கணவாய்ல வண்டிய நிறுத்திட்டு மவுண்ட் வாஷ்பர்ன் ஏறுங்க, உச்சி பத்தாயிரம் அடிக்கு மேல, மூச்சு நல்லாவே வாங்கும், ஆனா ஒயிட்பார்க் பைன் மரத்தை அங்கதான் கிட்ட நின்னு பாக்கலாம், எனக்கு இந்த ட்ரிப்லயே மனசுல நின்னது அந்த மரம்தான்.

நாங்க ஏறுனது ஆகஸ்ட் கடைசி. பைனாகுலர்ல பாத்தா உச்சிக் கிளை நுனியில மட்டும் கரு ஊதா கலர்ல கோன் (விதை இருக்கற பைன் காய்), பிசின் வடிஞ்சு வெயில்ல பளபளன்னு இருக்கு. ஒரு மரத்துல கொத்துக் கொத்தா, பக்கத்து மரத்துல தேடித் தேடிப் பாத்தும் ஒண்ணு இல்ல.

கோன் முத்த ரெண்டு வருஷம் ஆகும். நல்லா காய்ச்ச மரம் சேத்து வச்ச சத்தையெல்லாம் செலவழிச்சிடும், அதனால அடுத்த வருஷம் காய்ப்பு அநேகமா சுருங்கிடும். இதோட விதை கரடிக்குத் தீனிங்கறதால, 1980லேர்ந்து கரடி ஆராய்ச்சி பண்றவங்க குறிச்சு வச்ச அதே மரங்கள்ல வருஷா வருஷம் கோன் எண்ணிட்டு வர்றாங்க, சில வருஷம் மரத்துக்கு சராசரி 40க்கு மேல, சில வருஷம் 5 கூட தேறாது. அதுவும் மலை முழுக்க பெரும்பாலான மரம் ஒண்ணா காய்க்கும், ஒண்ணா ஓயும். காய்க்காத வருஷம் விதை தின்னுற ஜீவனுங்க பெருகாது, அப்புறம் ஒரே வருஷத்துல கொட்டித் தீக்கும்போது எல்லாம் தின்னது போக மிச்சம் முளைக்கும். எவ்ளோ அழகான ஏற்பாடு!

இந்த கோன் தானா விரியாது. நட்கிராக்கர்னு காக்கா குடும்பத்துப் பறவை அலகால கொத்தி விதைய எடுத்து, நாக்குக்கு அடியில இருக்கற பையில நூறுக்கு மேல கூட அடைச்சிட்டுப் போய் மண்ணுல கொஞ்சம் கொஞ்சமா புதைச்சு வைக்குது, திரும்ப வந்து எடுக்காம விட்டதுதான் புது மரம். ஒரே எடத்துல நாலஞ்சு மரம் ஒட்டி நின்னா பெரும்பாலும் அது புதைச்ச குழிதான், பாதை ஓரமாவே பாக்கலாம். அணில் வெட்டிக் குவிச்சு வைக்கிற கோனை கிரிஸ்லி கரடி தோண்டித் தின்னும், விதையில பாதிக்குப் பாதி கொழுப்பு, குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னாடி அதுக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்ல.

கவலை என்னன்னா, 1910 வாக்குல ஐரோப்பாவுலேர்ந்து வந்த துரு நோயும் (ஒரு பூஞ்சை நோய்), பெரிய மரங்களா பாத்து தாக்குற பட்டை துளைக்கிற வண்டும் ஏகப்பட்ட மரத்தை கொன்னுடுச்சு. வழியெல்லாம் வெளிறிப்போன பட்ட மரம். 60 வயசாவது தாண்டுனாதான் இது நெறைய காய்க்கும், அப்போ இழப்பு எவ்ளோ பெருசுன்னு பாருங்க. 2022 டிசம்பர்ல அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான (threatened) இனம்னு அறிவிச்சுது. நோய் தாங்குற மரத்துல ஆளுங்க ஏறி கோனுக்கு கம்பி வலை கட்டி, பறவைக்கு முந்தி விதை எடுத்து நாத்து வளக்குறாங்க, அவங்கள கும்பிடணும்.

போறவங்க கரடி ஸ்ப்ரே (கரடி கிட்ட வந்தா அடிக்கிற மிளகாய்க் காரம்) இல்லாம போகாதீங்க. காய்ப்பு இல்லாத வருஷம் கரடி தீனி தேடி கீழ எறங்கும், ஜனங்க இருக்கற பக்கம் நடமாட்டம் ஜாஸ்தி, அதனால கெளம்புறதுக்கு முன்னாடி இந்த வருஷம் காய்ப்பு எப்படின்னு ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.