மாதவிக்காகப் பேசிய ஞாயிறு

சித்திரை முழுநிலவுக்கு முந்தின ஞாயிறு எங்கள் படிப்பகத்தில் வழக்காடு மன்றம். சிலப்பதிகாரக் கண்ணகியின் வாழ்வு கெட்டதற்கு மாதவியே காரணம் என்பது வழக்கு. மறுத்துப் பேச ஆள் வரவில்லை. சரி, நான் பேசுகிறேன் என்றேன். பூம்புகாருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவளைக் கைவிட மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு தமிழாசிரியர். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையைக் காட்டி வளைத்தாள் என்றார். அவள் பணிப்பெண் கூனி தெருவில் விற்ற மாலையை விலை கொடுத்து வாங்கியவன் யார் என்று கேட்டேன். கடற்கரையில் வேறொருவனை நினைத்ததுபோலப் பாடினாளே என்றார். யாழை வாங்கி அப்படி முதலில் பாடியவன் கோவலன்தானே!

என் பெரிய சாட்சி அவளுடைய இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. இந்த இரண்டாவதைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரை வழியில் தேடிப்பிடித்துக் கொடுத்தான். பெற்றவர்களுக்குப் பணிவிடை செய்வதையும் விட்டு, மனைவியோடு இரவில் புறப்பட நான் செய்த பிழை என்ன என்று கேட்டிருந்தாள். கோபமே இல்லை. படித்தவன் 'தன்தீது இலள்', அவள்மேல் குற்றமில்லை, என்று தெளிந்தான், எல்லாம் 'என்தீது' என்று உணர்ந்தான். கோவலனே விடுவித்தவளை நாம் எப்படித் தண்டிப்பது?

இந்த இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிட்டது. முன்வரிசையில் இருந்த என் அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடுதாசியை இன்னொரு தடவை படிம்மா."